ஒன்றரைக் கண் தரகர்

சென்ற ஆண்டு ஒரு வாரப் பத்திரிகையில் நான் தொடர்கதை எழுதிக்கொண்டிருந்தேன். அதில் ஒரு நிலத் தரகர் வருவார். பதினோராவது அத்தியாயத்தில் அவரை வாசகர்களுக்கு அறிமுகம் செய்து வைக்க வேண்டியிருந்தது. அன்று மாலைக்குள் அத்தியாயம் போய்ச் சேர வேண்டும். பத்திரிகை ஆபீசிலிருந்து இரண்டு தடவை டெலிபோன் வந்துவிட்டது. தரகர் ஏமாற்றுக்காரர் என்பது வாசகர்களுக்கு உடனே விளங்கியாக வேண்டும். அதற்கு எனக்கு இருந்ததோ பத்து வரி இடம். நான் ஒரே வரியில் காரியத்தை முடித்துவிட்டேன். தரகருக்கு மாறுகண் வைத்தேன். ஒரு கண் கதாநாயகனையும் மற்றொரு கண் அவன் கையிலிருந்த பத்திரத்தையும் பார்த்ததாக எழுதினேன். எழுதும்போது எனக்கே சிரிப்பு வந்தது. 'பேஷ்!' என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு பேனாவை மூடினேன்.

மூன்று வாரம் கழித்து ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் ஒரு பெண்மணி. பெயரைச் சொல்ல எனக்கு அனுமதி இல்லை. கடிதத்தைச் சொல்ல அனுமதி வாங்கியிருக்கிறேன்.

"மதிப்பிற்குரிய ஐயா, எனக்கு 37 வயது. ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். கல்லூரி நாளிலிருந்து உங்கள் கதைகளைப் படித்து வருகிறேன். உங்கள் தரகர் என்ன தப்புச் செய்தார் என்று இந்த அத்தியாயத்தில் நீங்கள் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் உங்களுக்கு ஏற்படவில்லை. அவருடைய கண்ணைச் சொல்லிவிட்டீர்கள். எனக்கும் அதே கண்தான். பஸ்ஸில் படித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்த பெண்ணும் என் தோளுக்கு மேலாக அதே பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தாள். பத்திரிகையை மூடிப் பைக்குள் வைத்துவிட்டேன்."

எழுத்தாளனுக்கு இப்படி ஒரு கடிதம் வந்தால் முதலில் வருவது வெட்கம் அல்ல, கோபம். 'இப்படி ஆளுக்கு ஆள் கிளம்பினால் கதையில் யாரைத்தான் வைப்பது? நாளைக்கு வழுக்கைத் தலையர்கள் வருவார்கள், நாளன்றைக்குத் தொந்தி உள்ளவர்கள் வருவார்கள்!' என்று வீட்டில் சத்தம் போட்டேன். பிறகு மிகவும் மரியாதையாக ஒரு பதில் எழுதினேன். பாத்திரம் முழுக் கற்பனை, யார் மனத்தையும் புண்படுத்தும் எண்ணம் இல்லை என்று. இந்த மாதிரி பதில்களை எழுத எங்களுக்கெல்லாம் நல்ல பழக்கம் உண்டு. தபாலில் போட்டதும் விஷயம் முடிந்தது என்று நினைத்தேன்.

முடியவில்லை. அந்தக் கடிதத்தின் கடைசியில் இரண்டு வாக்கியங்கள் இருந்தன. "நான் யாரிடமாவது பேச ஆரம்பித்தால், அவர்கள் முதலில் தங்களுக்குப் பின்னால் ஒரு தடவை திரும்பிப் பார்ப்பார்கள், நான் யாரிடம் பேசுகிறேன் என்று தெரிந்துகொள்வதற்காக. இதை எத்தனை தடவை பார்த்திருப்பேன் என்று, கணக்குப் பிரிவிலேயே இருந்தும், என்னால் கணக்கிட முடியவில்லை."

இதைப் படித்த இரண்டு நாளைக்குப் பிறகுதான் எனக்கு என் சின்ன அத்தையின் நினைவு வந்தது. இரண்டு நாள் ஆயிற்று என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். சொந்த அத்தை! அவர் மடியில் உட்கார்ந்து சோறு தின்று வளர்ந்தவன் நான்.

சின்ன அத்தைக்கு வலது கண் உள்பக்கமாக ஒதுங்கியிருக்கும். எங்கள் குடும்பத்தில் அவரைப் போல் பிரியமானவர் கிடையாது என்று குழந்தைகள் நாங்கள் எல்லோரும் ஏகமனதாக முடிவு செய்திருந்தோம். ஏனென்றால், அத்தை யாரிடம் பேசினாலும் தொட்டுத்தான் பேசுவார். தோளில் கை வைப்பார், கன்னத்தைத் தட்டுவார், காதைப் பிடித்துத் திருப்பி, "டேய், உன்னைத்தான்டா சொல்கிறேன்" என்பார். தொடாமல் கூப்பிட்டால் இரண்டு குழந்தைகள் ஒரே சமயத்தில் 'என்ன அத்தை?' என்று எழுந்திருக்கும். அல்லது ஒன்றுமே எழுந்திருக்காது. ஆகவே தொட்டார். அதில் பிரியம் இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. பிரியமும் இருந்தது. ஆனால் மாமனாரையும் மைத்துனரையும் தொட்டுப் பேச முடியுமா? அவர்களிடம் அத்தை பேசியதே இல்லை. தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போய்விடுவார். 'அடக்கம் என்றால் இதல்லவா அடக்கம்!' என்று ஊரே மெச்சியது.

குடும்பத்தில் நடந்த கல்யாணங்களின் போட்டோக்களை எடுத்துப் பார்த்தேன். ஏழெட்டுப் படங்களில் அத்தை இருக்கிறார். எல்லாவற்றிலும் கீழே எதையோ தேடுகிறவரைப் போலக் குனிந்துகொண்டிருக்கிறார்.

அவருக்கு ஏழு வயதாக இருந்தபோது யாரோ ஒரு கண் வைத்தியரிடம் காட்டலாம் என்று சொன்னார்களாம். பாட்டி கையை உதறிவிட்டாள். "அதிர்ஷ்டக் கண்ணைப் போய்க் கத்தியால் தொடுவதா!" என்று. அந்த அதிர்ஷ்டத்தோடுதான் அவர் மனைவியை இழந்த ஒருவருக்கு இரண்டாம் தாரமாகப் போனார். நான் கல்லூரியில் சேர்ந்த வருஷம், அத்தைக்கு நாற்பது வயது. அப்பா அவரைப் பட்டணத்தில் ஒரு டாக்டரிடம் அழைத்துக்கொண்டு போனார். டாக்டர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "வயதாகிவிட்டது, இனிமேல் அந்தக் கண்ணுக்குப் பார்வை வராது" என்றார். அவர் சொன்னது அவ்வளவுதான். 'இனிமேல் ஒன்றும் செய்வதற்கில்லை' என்று வீட்டில் புரிந்துகொண்டார்கள். அவர் சொன்னதற்கும் இவர்கள் புரிந்துகொண்டதற்கும் நடுவில் அத்தையின் மீதி ஆயுள் முழுவதும் போய்விட்டது.

இந்தக் கட்டுரையை நான் எழுதுவது அந்த இடைவெளியைப் பற்றித்தான். மாறுகண் உள்ள குழந்தைகளுக்காகப் பரிந்து பேச நாலு பேர் இருக்கிறார்கள். பள்ளிக்கூடங்களில் பரிசோதனை நடக்கிறது, சுவரொட்டிகூட ஒட்டுகிறார்கள். வளர்ந்தவர்களைப் பற்றி யாருக்கும் கவலை இல்லை. வளர்ந்துவிட்டால் அந்தக் கண் ஒன்று வேடிக்கை ஆகிவிடுகிறது, அல்லது விதி ஆகிவிடுகிறது.

சமாசாரம் என்ன என்பதைக் கண் டாக்டராக இருக்கும் என் நண்பரிடம் உட்கார்ந்து கேட்டேன். ஒவ்வொரு கண்ணையும் ஆறு தசைகள் பிடித்து ஆட்டி வைக்கின்றன. இரண்டு கண்ணுக்கும் சேர்த்துப் பன்னிரண்டு. இந்தப் பன்னிரண்டும் ஒரு தேரை இழுக்கிறவர்கள் மாதிரி ஒத்து இழுத்தால்தான் இரண்டு கண்ணும் ஒரே பொருளின்மேல் நிற்கும். ஒத்துப் போகாவிட்டால் மூளைக்கு இரண்டு படம் வந்து சேருகிறது. குழந்தையின் மூளை சாமர்த்தியசாலி. ஒரு படத்தைத் தள்ளிவிட்டு மற்றதை வைத்துக்கொள்ளும். தள்ளப்பட்ட கண் நாளடைவில் பார்க்கும் திறமையையே மறந்துவிடும். இளம் வயதிலேயே கவனித்தால் அந்தத் திறமையை மீட்க முடியும். நல்ல கண்ணைத் தினம் சில மணி நேரம் மூடி வைத்து, சோம்பல் கண்ணை வேலை வாங்குவார்கள். கிட்டப் பார்வைக்குக் கஷ்டப்படும் குழந்தைகளுக்குக் கண் உள்பக்கமாகத் திரும்புகிறது, அவர்களில் பலருக்குச் சரியான மூக்குக் கண்ணாடியே போதும். இந்தத் தொடர்பை டான்டர்ஸ் என்ற டச்சு மருத்துவர் 1864-ஆம் ஆண்டிலேயே விளக்கமாக எழுதி வைத்துவிட்டார்.

வளர்ந்த பிறகு வருகிற மாறுகண் வேறு ரகம். சர்க்கரை வியாதியால் வரும், தைராய்டுக் கோளாறால் வரும், மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டால் வரும். வளர்ந்தவரின் மூளை எந்தப் படத்தையும் தள்ளாது. இரண்டையும் காட்டும். சாலையில் வருகிற ஒரே பஸ் இரண்டாக வரும். எதில் ஏறுவது என்று... பார்த்தீர்களா, என் பழக்கம் இன்னும் போகவில்லை. இப்படித் திடீரென்று எல்லாம் இரண்டாகத் தெரிந்தால் அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும், அது மூளைக்குள் நடக்கும் வேறு விபரீதத்தின் அடையாளமாகவும் இருக்கலாம் என்று நண்பர் அழுத்திச் சொன்னார்.

இனி அந்த அதிர்ஷ்டத்துக்கு வருவோம். குழந்தையின் கண் சற்று ஒதுங்கினால் கன்னத்தை வழித்து நெட்டி முறிக்கிற பாட்டிமார்கள் இன்றைக்கும் நம்மிடையே இருக்கிறார்கள். இது உலகத்தில் நமக்கு மட்டும் உள்ள எண்ணம் அல்ல. மெக்ஸிகோவில் யூகதான் பகுதியில் வாழ்ந்த மாயா மக்களுக்கு மாறுகண் பெரிய அழகாம். தாய்மார்கள் குழந்தையின் முன்நெற்றி முடியில் எதையாவது கட்டி, இரண்டு புருவத்துக்கும் நடுவில் ஆடும்படி தொங்க விடுவார்களாம். அதையே பார்த்துப் பார்த்துக் கண் உள்ளே திரும்பட்டும் என்று. 16-ஆம் நூற்றாண்டில் அங்கே இருந்த டியேகோ டி லாண்டா என்ற ஸ்பானியப் பாதிரியார் எழுதி வைத்திருக்கிறார். மாயா மக்களிடம் ஒரு நேர்மை இருந்தது. அழகு என்று சொன்னார்கள். தம் குழந்தைக்கு அது வேண்டும் என்று பாடுபட்டார்கள். நம்முடைய அதிர்ஷ்டம் எப்படிப்பட்டது? அதிர்ஷ்டக் கண் என்று சொன்ன பாட்டிமார்களில் யாராவது ஒருவர், அந்த அதிர்ஷ்டத்தைத் தேடிப் போய்த் தம் பேரனுக்குக் கட்டி வைத்தது உண்டா? பெண் பார்க்கப் போய், 'எல்லாம் சரிதான், கண்தான் நேராக இருக்கிறது' என்று குறைப்பட்டுக்கொண்டு திரும்பியவர்கள் உண்டா? அடுத்த வீட்டுக் குழந்தைக்கு நாம் தாராளமாகக் கொடுக்கிற அதிர்ஷ்டம் இது. இதற்குக் குழந்தை கொடுக்கும் விலை, சிகிச்சைக்கு ஏற்ற வருஷங்கள்.

அதிர்ஷ்டம் என்பது பாட்டி சொன்ன பொய். 'வயதாகிவிட்டது' என்பது படித்தவர்கள் சொல்லும் பொய். இரண்டாவதுதான் எனக்கு அதிகக் கோபம் மூட்டுகிறது. ஏனென்றால் அதில் பாதி உண்மை இருக்கிறது. மறந்துபோன பார்வையை நாற்பது வயதில் மீட்பது பெரும்பாலும் நடவாத காரியம்தான். ஆனால் பார்வைக் கணக்கு வேறு, கண் நிற்கும் திசையின் கணக்கு வேறு. திசையை எந்த வயதிலும் சரி செய்யலாம். அறுபதிலும் செய்கிறார்கள், எழுபதிலும் செய்கிறார்கள். பெர்லின் நகரத்தில் டீஃபன்பாக் என்ற ரண வைத்தியர் 1839-ஆம் ஆண்டில் ஏழு வயதுச் சிறுவன் ஒருவனுக்குக் கண் தசையை வெட்டி இந்த ஆபரேஷனைச் செய்தார். ஈதர் மயக்க மருந்து ஆபரேஷன்களுக்கு வந்து புகழ் பெற்றது அதற்கு 7 வருஷம் கழித்து, 1846-இல். அந்தப் பையனை எத்தனை பேர் பிடித்துக்கொண்டிருந்தார்களோ! 1839-இல் தொடங்கிய ஒரு வைத்தியத்தை இன்றைக்கும் நம் வீடுகளில் ஏதோ நேற்றுக் கண்டுபிடித்த விபரீதம் மாதிரி பேசுகிறார்கள். 'கண்ணைப் பிடுங்கி வெளியே வைத்து ஆபரேஷன் செய்வார்களாம்' என்று என் வீட்டுக்கு வந்த ஓர் உறவினர் சென்ற மாதம்தான் சொன்னார். அவர் பட்டதாரி. கண்ணை யாரும் வெளியே எடுப்பதில்லை. வெண்விழியில் ஒட்டியிருக்கும் தசையைப் பிரித்துச் சற்றுப் பின்னால் தள்ளித் தைக்கிறார்கள். அல்லது கொஞ்சம் கத்தரித்துக் குறுக்கித் தைக்கிறார்கள். வளர்ந்தவர்களுக்கு ஒரு சலுகையும் இருக்கிறது. தையலை முடிச்சுப் போடாமல் தளர்வாக விட்டு வைத்து, நோயாளி கண் விழித்த பிறகு அவரைப் பார்க்கச் சொல்லி, வேண்டிய அளவு இழுத்தோ தளர்த்தியோ முடிச்சுப் போடுகிற முறை உண்டு. குழந்தையிடம் அது சுலபமாக நடக்குமா?

மாயம் எதையும் நான் விற்கவில்லை. ஒரு தடவையில் சரியாகாமல் இரண்டாவது தடவை செய்துகொண்டவர்கள் இருக்கிறார்கள். சரியாகி, வருஷங்கள் போன பிறகு கண் மறுபடி ஒதுங்கியதும் உண்டு. சிலருக்குச் சில நாளைக்கு எல்லாம் இரண்டாகத் தெரியும். அபூர்வமாகச் சிலருக்கு அது நீடிக்கவும் செய்யும். இதையெல்லாம் சொல்லி, யோசித்துக்கொள்ளுங்கள் என்று விடுகிற டாக்டர் நல்ல டாக்டர். ஒன்றும் சொல்லாமல் 'வயதாகிவிட்டது' என்று விளக்கை அணைக்கிற டாக்டரிடம்தான் எனக்கு வழக்கு.

எனக்குக் கடிதம் எழுதிய பெண்மணிக்குக் கிடைத்தது அதைவிட மேலான டாக்டர். என் மழுப்பலான பதிலுக்கு அவர் மறுபடியும் எழுதினார். (மறுபடி எழுதியது அவருடைய பெருந்தன்மை. என் பதிலுக்கு அது தகுதி இல்லை.) 24 வயதில், கல்யாணம் ஆன புதிதில், கணவரோடு ஒரு கண் டாக்டரிடம் போனாராம். டாக்டர் அவரைப் பார்த்துச் சிரித்து, "இனிமேல் எதற்கம்மா? கல்யாணம்தான் ஆகிவிட்டதே!" என்றாராம். நல்ல எண்ணத்தோடுதான் சொல்லியிருப்பார். ஒரு பெண்ணுக்குக் கண் எதற்கு என்ற கேள்விக்கு நம் சமூகம் வைத்திருக்கும் பதிலை இவ்வளவு சுருக்கமாக நான்கூட எழுதியிருக்க முடியாது.

பதின்மூன்று வருஷம் கழித்து வேறு ஆஸ்பத்திரியில், தாராளமாகச் செய்யலாம் என்றார்கள். செலவுக்கு இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு எழுதினார். இது அழகுக்காகச் செய்துகொள்ளும் சிகிச்சை, ஆகவே பணம் கொடுப்பதற்கில்லை என்று பதில் வந்தது. அழகு!

இந்த ஒரு சொல்லை நாம் கொஞ்சம் நிறுத்தி விசாரிக்க வேண்டும். மத்திய அரசின் ஆயுதப் போலீஸ் படைகளுக்கு ஆள் எடுக்கும் அறிவிப்புகளைப் பாருங்கள். விண்ணப்பம் செய்கிறவருக்கு முட்டி தட்டும் கால் இருக்கக் கூடாது, தட்டைப் பாதம் இருக்கக் கூடாது, காலில் நரம்பு சுருண்டிருக்கக் கூடாது, மாறுகண் இருக்கக் கூடாது. துப்பாக்கி பிடிக்கிறவனுக்குத் தூரமும் ஆழமும் தெரிய வேண்டும் என்பதில் நியாயம் இல்லாமல் இல்லை. நான் கேட்பது வேறு. வேலை கேட்டு ஒரு கதவைத் தட்டினால், 'உனக்கு உடம்பில் குறை, போ' என்கிறார்கள். சரி, குறையைத் தீர்த்துக்கொள்ளலாம் என்று பணம் கேட்டு இன்னொரு கதவைத் தட்டினால், 'உனக்கு ஒரு குறையும் இல்லை, அழகு பண்ணிக்கொள்ளப் பார்க்கிறாய், போ' என்கிறார்கள். இரண்டு கதவும் ஒரே மனிதனின் முகத்தில்தான் சாத்தப்படுகின்றன. எது உண்மை என்று இரண்டு தரப்பும் ஒரு நாள் கூடி உட்கார்ந்து பேசி முடிவு செய்துவிட்டுச் சொல்லக் கூடாதா?

இதில் இன்னொரு வேடிக்கை. நெற்றிச் சுருக்கம் போக்குவதற்காகப் பணக்காரர்களும் சினிமாக்காரர்களும் ஊசி போட்டுக்கொள்கிறார்களே, போடாக்ஸ் என்று, அந்த மருந்தை முதன்முதலில் மனிதர்களுக்குப் பயன்படுத்தியது எதற்காக என்று நினைக்கிறீர்கள்? மாறுகண்ணுக்காகத்தான். ஸான் பிரான்ஸிஸ்கோவில் ஆலன் ஸ்காட் என்ற கண் டாக்டர், ஆபரேஷன் இல்லாமல் கண் தசையைத் தளர்த்த வழி தேடி, அந்த ஊசியின் பலனை 1980-இல் வெளியிட்டார். 1989-இல் அமெரிக்க அரசு மாறுகண்ணுக்கும் இமைத் துடிப்புக்கும் அதை அனுமதித்தது. சுருக்கத்துக்கு அனுமதி கிடைத்தது 2002-இல். வைத்தியம் அழகாக மாறியது பிற்பாடு. நம்மவர்களோ தலைகீழாக, வைத்தியத்தையே அழகு என்கிறார்கள்.

மாறுகண்ணோடு வாழும் வளர்ந்தவர்களின் வாழ்க்கைத் தரத்தை அளப்பதற்கென்றே அமெரிக்காவில் மேயோ மருத்துவமனையைச் சேர்ந்தவர்கள் 2009-ஆம் ஆண்டில் 20 கேள்விகள் கொண்ட ஒரு பட்டியல் தயாரித்தார்கள். நோயாளிகளையே பேச வைத்து, அவர்கள் சொன்னதிலிருந்து எடுத்த கேள்விகள். அவற்றில் 10 கேள்விகள் கண்ணின் வேலையைப் பற்றியவை: படிக்க முடிகிறதா, ஆழம் தெரிகிறதா, ஒரு கண்ணை மூடிக்கொண்டால்தான் சௌகரியமாக இருக்கிறதா என்பன போல. மற்ற 10 பிறர் பார்வையைப் பற்றியவை: பேசும்போது எதிராளி முகத்தைத் தவிர்க்கிறாரா, என்ன நினைப்பாரோ என்ற கவலை அரித்துக்கொண்டே இருக்கிறதா என்பன போல. சரிபாதி! படிப்பதும் நடப்பதும் எப்படி வாழ்க்கையோ, அப்படியே ஒரு மனிதர் முகத்தைப் பார்த்து மற்றொருவர் பேசுவதும் வாழ்க்கைதான் என்று அந்த டாக்டர்கள் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். இதை ஒப்புக்கொள்ள ஒரு கதாசிரியனுக்கு டாக்டர்களின் பட்டியல் வேண்டியிருந்தது என்பது எனக்குப் பெருமை தரும் விஷயம் அல்ல.

இன்னும் ஒன்று. 2000-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆராய்ச்சியில், வேலைக்கு விண்ணப்பிக்கிறவர்களின் போட்டோக்களைக் கம்ப்யூட்டரில் மாற்றி, அதே முகத்தை நேரான கண்ணோடும் மாறுகண்ணோடும் காட்டினார்கள். மாறுகண் வைத்தபோது பெண்களுக்கு மதிப்பெண் குறைந்தது. ஆண்களுக்கு அப்படிக் குறைந்ததாகத் தெரியவில்லை. இது அமெரிக்காக்காரன் கண்டுபிடிக்க வேண்டிய விஷயமா? எங்கள் அத்தையைக் கேட்டிருந்தால் ஆராய்ச்சி இல்லாமலே சொல்லியிருப்பார்.

இவ்வளவும் சொன்ன பிறகு, என் நண்பர்களில் முற்போக்கான ஒருவர் ஓர் ஆட்சேபணை கிளப்பினார். "குற்றம் பார்க்கிறவன் மேலே. அவனைத் திருத்துவதை விட்டுவிட்டுப் பார்க்கப்படுகிறவளை ஏன் கத்திக்குக் கீழே படுக்க வைக்கிறீர்கள்? பிரெஞ்சு ஞானி சார்த்தரைப் பாருங்கள். குழந்தையிலேயே வலது கண் பார்வை போய், கண் வெளிப்பக்கம் ஒதுங்கித்தான் இருந்தது. அதைப் பற்றி அவர் கவலைப்பட்டாரா? நோபல் பரிசையே வேண்டாம் என்றவர்!" என்றார்.

சார்த்தரிடம் எனக்கும் மதிப்பு உண்டு. பிறர் பார்வை ஒரு மனிதனை எப்படிப் பொருளாக்கிவிடுகிறது என்பதைப் பற்றி 1943-இல் வெளிவந்த தம் பெரிய நூலில் பக்கம் பக்கமாக அவர் எழுதியிருக்கிறார். ஆனால் அவர் பாரிஸ் நகரத்துக் காபி ஓட்டலில் உட்கார்ந்து காபி குடித்தவர். பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் காபித் தட்டைத் தூக்கிக்கொண்டு போய் நின்றவர் அல்ல. பார்க்கிறவனைத் திருத்த வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இந்தக் கட்டுரையே அதற்குத்தான். ஆனால் ஊர் திருந்துகிறவரையில் நீ காத்திரு என்று 37 வயதுப் பெண்ணிடம் சொல்ல நான் யார்? ஆபரேஷன் வேண்டாம், என் கண் எனக்குப் போதும் என்று ஒருவர் சொன்னால், அதோடு விஷயம் முடிந்தது. அவர் கண்ணை நேராக்க வேண்டிய கடமை அவருக்கு யாரிடமும் இல்லை. வேண்டும் என்கிறவருக்கு, 'உனக்கு எதற்கு?' என்று கேட்கும் உரிமை யாருக்கும் கிடையாது. வேண்டும் என்பதற்குக் காரணம் வெறும் தோற்றமாகவே இருக்கட்டுமே! உள்பக்கம் திரும்பிய கண்ணை நேராக்கினால் பக்கவாட்டில் பார்க்கும் பரப்பு விரியும், சிலருக்கு இரண்டு கண்ணும் சேர்ந்து வேலை செய்யவும் தொடங்கும் என்றெல்லாம் டாக்டர் நண்பர் சொன்னார். நல்லதுதான். அதைச் சொல்லித்தான் இவர்களுக்கு அனுமதி வாங்க வேண்டும் என்பது எனக்கு அவமானமாகப் படுகிறது. பல் கட்டிக்கொள்கிறவரிடம் 'கடிப்பதற்கா, சிரிப்பதற்கா?' என்று யாராவது விசாரிக்கிறோமா?

பார்க்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மாறுகண் உள்ளவரோடு பேசும்போது நம் பார்வை அவருடைய இரண்டு கண்ணுக்கும் நடுவில் பந்து மாதிரி ஓடுகிறது. எந்தக் கண் நம்மைப் பார்க்கிறது என்று தேடுகிறோம். அந்தத் தேடல் அவருக்குத் தெரிகிறது. ஒரு நிமிஷம் நிதானமாகப் பார்த்தால், நம்மேல் நிற்கிற கண் எது என்று விளங்கிவிடும். அந்த ஒரு கண்ணைப் பார்த்துப் பேசினால் போதும். விளங்கவில்லை என்றால் நெருங்கிப் பழகியவரிடம் கேட்டே விடலாம். கேட்கப்பட்டதற்காக வருத்தப்பட்டதில்லை, பின்னால் திரும்பிப் பார்த்ததற்காகத்தான் வருத்தப்பட்டிருக்கிறேன் என்று அந்தப் பெண்மணி எழுதியிருக்கிறார். 'லண்டன் பார்வை, டோக்கியோ பேச்சு' என்று சொல்லிச் சிரிக்கிற பேர்வழிகளுக்கு நான் சொல்ல ஒன்றும் இல்லை. சினிமாவில் கண்ணை உருட்டி மூக்கோடு சேர்த்து வைத்துக் கைதட்டல் வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் காமிரா நின்றதும் கண்ணை நேராக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

எங்களுக்கு, எழுதுகிறவர்களுக்கு, என்ன சாக்கு? அயோக்கியனுக்கு அம்மைத் தழும்பு, கஞ்சனுக்குக் கூன், தரகனுக்கு மாறுகண். மனத்தைத் திறந்து காட்டும் சிரமத்துக்குப் பதிலாக உடம்பில் ஒரு முத்திரை குத்திவிடுகிறோம். வாசகரும் சந்தோஷமாகப் புரிந்துகொள்கிறார். பக்கம் மிச்சம், நேரம் மிச்சம். அதே பத்திரிகையில் அடுத்த பக்கத்தில் உடல் ஊனமுற்றவர்களுக்கு அனுதாபமாக ஒரு கட்டுரையும் இருக்கும். சமயத்தில் அதை எழுதியதும் நாங்களாகவே இருப்போம்.

பெண்மணியின் கடைசிக் கடிதம் சென்ற வாரம் வந்தது. இன்ஷூரன்ஸை நம்பாமல் ஒன்றரை வருஷமாகச் சீட்டுக் கட்டிப் பணம் சேர்த்திருக்கிறார். தீபாவளி கழித்துத் தேதி கொடுத்திருக்கிறார்களாம். கணவருக்கு அரை மனசு. மாமியாருக்கு அதுவும் இல்லை. "ஆபரேஷனுக்குப் பிறகு எப்படி இருக்கும் என்று தெரியவில்லை. பயமாகத்தான் இருக்கிறது. உங்கள் நாவல் புத்தகமாக வரும்போது ஒரு பிரதி அனுப்பி வையுங்கள்" என்று முடித்திருந்தார்.

புத்தகம்தான் இப்போது எனக்குப் பெரிய தொல்லையாகிவிட்டது. பதிப்பகத்துக்குக் கொடுப்பதற்காகப் பதினோராவது அத்தியாயத்தை எடுத்து வைத்துக்கொண்டு அந்த ஒரு வரியை அடித்தேன். அடித்துவிட்டுப் படித்துப் பார்த்தால், தரகர் அங்கே இல்லை. அவர் எப்படிப் பேசுவார், எதைச் சொல்லி ஏமாற்றுவார், அவருக்குப் பெண்டாட்டி பிள்ளைகள் உண்டா, ஏமாற்றிய பணத்தை என்ன செய்கிறார்? ஒன்றுமே எனக்குத் தெரியவில்லை. இருபத்தைந்து வாரம் அவரை நடமாட விட்டிருக்கிறேன்! மறுபடி முதலிலிருந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். பதிப்பாளர் தினம் காலையில் டெலிபோன் செய்து, "தரகர் முடிந்தாரா, சார்?" என்று கேட்கிறார். இன்னும் முடியவில்லை.